ஆள் பிடிப்பதா, ஆள் ஆக்குவதா?

இண்டியானாபொலிஸில் குடியிருந்துகொண்டு கல்லூரிக் கூடைப்பந்துப் பேச்சிலிருந்து தப்பிக்க முடியாது. முடிவெட்டும் கடையில், அலுவலகத்தில் காபி எடுக்கும் இடத்தில், பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெஞ்சில், மார்ச் மாதம் நெருங்க நெருங்க அதே பேச்சுதான். அதில் வருஷம் தவறாமல் வரும் வாக்குவாதம் ஒன்று உண்டு. ஒரு கல்லூரி அணி ஜெயிப்பது கோச் சொல்லித்தருவதாலா, இல்லை அவர் தேடிப்பிடித்துக் கூட்டிவரும் பையன்களாலா?

பதினெட்டு வயதுப் பையனுக்கு ஒரு பெரியவர் எவ்வளவு கற்றுத்தர முடியும் என்ற கேள்வி இதற்குள் இருப்பதால் எனக்கு இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சாகப் படுவதில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையன் அந்தக் கல்லூரியில் எத்தனை வருஷம் தங்குகிறான் என்பதில்தான் விடை இருக்கிறது. ஒரே வருஷம் ஆடிவிட்டுப் போகிறவனிடம் அவன் கொண்டுவந்த திறமைதான் தெரியும். மூன்று, நான்கு வருஷம் இருந்தவனிடம் கோச்சின் கைவேலை தெரியும். இந்த நகரமும் இந்த மாநிலமும் பார்த்த ஆட்டங்களே இதற்குப் போதுமான சாட்சி.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழில்முறை லீகான என்பிஏ-வில், புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் உண்டு. முந்தின வருஷம் மோசமாக ஆடிய அணிகளுக்கு நல்ல புதுமுகத்தை முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். கல்லூரிகளில் அந்த ஏற்பாடே கிடையாது. மேல்மட்டமான முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பையன் எங்கே சேருவது என்பதை அவனும் அவன் வீட்டாரும் முடிவு செய்கிறார்கள். அதனால் கோடையில் பள்ளி மாணவர்களின் கிளப் போட்டிகள் நடக்கும் அரங்குகளில் பெரிய கோச்சுகளெல்லாம் சட்டையில் கல்லூரி முத்திரையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பையனின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே அப்படி உட்காருவார்கள். அப்புறம் வீட்டுக்கே போய் அம்மாவிடம் பேசுவார்கள், பாட்டியிடம் பேசுவார்கள். இதற்குத்தான் ரெக்ரூட்டிங் என்று பெயர். இதில் கெட்டிக்காரர்கள் என்றே பெயர் வாங்கிய துணைக் கோச்சுகள் உண்டு.

திறமைதான் எல்லாம் என்று வாதாடுகிறவர்களுக்கு இண்டியானாவில் லாரி பேர்டைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஃபிரெஞ்ச் லிக் என்ற சின்ன ஊர்ப் பையன். 1974-இல் பாபி நைட் கோச்சாக இருந்த இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவ்வளவு பெரிய வளாகம் ஒத்துவரவில்லை, கையில் காசும் இல்லை. ஒரு மாதம் முடிவதற்குள் ஊருக்குத் திரும்பி, நகராட்சி வேலையில் குப்பை வண்டியோடு போய்க்கொண்டிருந்தார். இண்டியானா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியின் துணைக் கோச் பில் ஹாட்ஜஸ் தேடிப்போய்ப் பேசி அவரைத் தங்கள் கல்லூரிக்குக் கூட்டிவந்தார். 1978-79 பருவத்தில் தலைமைக் கோச்சுக்கு உடல்நிலை சரியில்லாமல் போக, அந்தப் பொறுப்பு ஹாட்ஜஸிடம் வந்தது. தலைமைக் கோச்சாக அவருக்கு அது முதல் வருஷம். அந்த அணி 33 ஆட்டங்களை வரிசையாக ஜெயித்து இறுதிப் போட்டிக்குப் போனது. மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 75-64 என்று தோற்ற ஒரே ஆட்டம்தான் அவர்களின் குறை. பேர்ட் என்பிஏ-வுக்குப் போனார். அந்தக் கல்லூரி மறுபடி என்சிஏஏ என்ற தேசியப் பட்டத்துக்கான தொடருக்குள் நுழைந்தது 2000-இல். ஒரே ஒரு ஆள்! அந்த ஒரு ஆள் வந்ததும் போனதும்தான் அந்தக் கல்லூரியின் கூடைப்பந்துச் சரித்திரம்.

ஆனால் பேர்டைக் கைநழுவவிட்ட நைட்டுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 1976-இல் அவருடைய அணி 32 ஆட்டம் ஆடி 32-ம் ஜெயித்துப் பட்டம் வென்றது. ஆண்களின் முதல் பிரிவில் ஒரு தோல்விகூட இல்லாமல் பருவத்தை முடித்த அணி அதற்கப்புறம் இன்றுவரை கிடையாது. முதல் ஐவரில் ஸ்காட் மே, க்வின் பக்னர், பாபி வில்கர்சன், டாம் அபர்நெத்தி நான்கு பேரும் நான்காம் வருஷ மாணவர்கள். கென்ட் பென்சன் மூன்றாம் வருஷம். ஐந்து பேருமே பிறகு என்பிஏ-வில் ஆடினார்கள் என்பதால் திறமை இல்லாத அணி என்று யாரும் சொல்ல முடியாது. நைட்டின் முறையில் எழுதிவைத்த நகர்வுகள் குறைவு. எதிராளி என்ன செய்கிறான் என்று பார்த்து ஐந்து பேரும் ஒரே மாதிரி யோசித்து நகர வேண்டும். அந்த ஒரே மாதிரி யோசனை வருவதற்கு மூன்று, நான்கு பருவம் பிடிக்கும். முந்தின வருஷமே அந்த அணி 31 ஜெயித்து, மே கை முறிந்திருந்த சமயத்தில் கென்டக்கியிடம் ஒரே ஒரு ஆட்டம் தோற்றிருந்தது. அந்தத் தோல்வியைச் சுமந்தவர்கள்தான் அடுத்த வருஷம் திரும்பி வந்தார்கள்.

ஆள் பிடிப்பதென்றால் வீட்டுக்குப் போய் இனிக்கப் பேசுவது என்று நினைத்துவிடக் கூடாது. யாரைப் பார்க்கக் கண் இருக்கிறது என்பதும் அதில் உண்டு. ஆஸ்கர் ராபர்ட்சன் வளர்ந்தது இதே இண்டியானாபொலிஸில். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி அவரோடு சேர்ந்து 1955-லும் 1956-லும் மாநிலப் பட்டம் வென்றது. அவர் சின்சினாட்டிக்குப் போனார். அங்கே மூன்று வருஷமும் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். அவரோடு சின்சினாட்டி இரண்டு முறை ஃபைனல் ஃபோர் வரை, அதாவது தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக, போனது. மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தும் அவரைத் தன்னிடம் வரவழைக்கவில்லை. கோச் எவ்வளவு நன்றாகச் சொல்லித்தருபவராக இருந்தென்ன, எதிரில் நிற்காத மாணவனுக்கு எதைச் சொல்லித்தருவது?

இனி பட்லர். எங்கள் ஊர்க் கல்லூரி என்பதால் கொஞ்சம் பாசம் கலந்துதான் வரும். நாலாயிரத்துச் சொச்சம் மாணவர்கள், 1928-இல் திறந்த ஹிங்கிள் அரங்கம், சின்ன லீக். கோச் பிராட் ஸ்டீவன்ஸ் முன்பு எலை லில்லி மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 2010-இல் அவருக்கு வயது 33. அந்த வருஷ ஃபைனல் ஃபோர் ஹிங்கிளிலிருந்து ஆறு மைல் தூரத்திலுள்ள லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் டியூக்கோடு மோதி 61-59 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். கடைசி நொடியில் கார்டன் ஹேவர்ட் பாதி மைதானத்திலிருந்து எறிந்த பந்து போர்டில் பட்டு வளையத்தில் இடித்து வெளியே போனது. இந்த ஊரில் அந்தக் காட்சியை இன்னும் யாரும் நிதானமாகப் பேசுவதில்லை.

ஹேவர்ட் கதையில் ரெக்ரூட்டிங்கின் ஒரு ரகசியம் இருக்கிறது. பக்கத்து பிரவுன்ஸ்பர்க் ஊர்ப் பையன். உயர்நிலைப் பள்ளியில் சேரும்போது ஆறடிகூட இல்லை, முடிக்கும்போது ஆறடி ஏழு அங்குலம். குள்ளமாக இருந்த காலத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு போகும் வேலையைக் கற்றவன், வளர்ந்த பிறகும் அதை மறக்கவில்லை. பெரிய கல்லூரிகள் பட்டியல் போட்டு முடித்த பிறகுதான் அவன் முழுசாக வளர்ந்தான். இரண்டு வருஷத்தில் டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாகப் போனான். சரி, அந்த அணி அதிர்ஷ்டத்தில் கிடைத்த ஒரு ஆளால் ஓடியது என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஹேவர்ட் இல்லாமலேயே பட்லர் 2011-இல் மறுபடி இறுதிக்குப் போனது. அங்கே யூகான் என்ற கனெக்டிகட் பல்கலைக்கழகத்திடம் 53-41 என்று தோற்றது வேறு விஷயம். 64 முறை எறிந்து 12 மட்டும் போட்ட அந்த இரவைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஸ்டீவன்ஸ் 2013-இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் பட்லர் ஃபைனல் ஃபோர் பக்கம் போகவில்லை. கோச்சின் எடை என்ன என்று அளக்க இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

2010-இல் ஜெயித்த டியூக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரும் புதுமுக நட்சத்திரங்களின் அணி இல்லை. ஜான் ஷையரும் பிரையன் ஜூபெக்கும் நான்காம் வருஷம், கைல் சிங்க்லரும் நோலன் ஸ்மித்தும் மூன்றாம் வருஷம். அந்த இரவு இரண்டு பக்கமும் பழகிய அணிகள்தான் நின்றன.

அதே ஸ்டேடியத்தில் 2015 ஏப்ரலில் நடந்த ஃபைனல் ஃபோரை ஒரு பாடமாகவே வைக்கலாம். கென்டக்கி 38 ஆட்டம் ஜெயித்து, ஒன்றுகூடத் தோற்காமல் வந்திருந்தது. 2006 டிராஃப்டிலிருந்து ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. என்பிஏ-வுக்குள் நுழைய டிராஃப்ட் நடக்கும் வருஷத்துக்குள் 19 வயது ஆக வேண்டும், பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு வருஷமும் கழிந்திருக்க வேண்டும். இந்த விதியைக் கென்டக்கி கோச் ஜான் கலிபாரி அளவுக்கு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர் கிடையாது. நாட்டின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து ஒரு வருஷம் ஆடவிட்டு என்பிஏ-வுக்கு அனுப்பிவைப்பார். 2012-இல் ஆன்டனி டேவிஸோடு பட்டமும் ஜெயித்திருந்தார். 2015 அணியில், நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்களுக்கான மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் ஆட்டத்துக்குத் தேர்வானவர்கள் மட்டும் ஒன்பது பேர். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான டெவின் புக்கர் அந்த அணியில் முதல் ஐவரில்கூட இல்லை, மாற்று ஆட்டக்காரர்! பருவத்தின் ஆரம்பத்தில் ஐந்து பேரை எடுத்துவிட்டு வேறு ஐந்து பேரை மொத்தமாக இறக்கினார்கள். அந்த வருஷ டிராஃப்டில் கென்டக்கியிலிருந்து ஆறு பேர் போனார்கள்.

எதிரே விஸ்கான்சின். கோச் போ ரயன் பல வருஷம் பிளாட்வில் என்ற மூன்றாம் பிரிவுக் கல்லூரியில் இருந்து நான்கு தேசியப் பட்டம் வென்றுவிட்டு மேலே வந்தவர். அவருடைய அணியின் தூண் ஃபிராங்க் கமின்ஸ்கி. இவருடைய கணக்கைப் பாருங்கள். முதல் வருஷம் சராசரி 1.8 புள்ளி. இரண்டாம் வருஷம் 4.2. மூன்றாம் வருஷம் 13.9. நான்காம் வருஷம் 18.8, அதோடு நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஏழடி உயரமுள்ள ஒருவர் இரண்டு வருஷம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து, கால்களை எப்படி வைத்துத் திரும்புவது, முதுகைக் காட்டி நிற்கும்போது எதிராளியின் எடையை எந்தத் தோளில் உணர்வது என்று கற்றுக்கொண்டிருந்தார். முந்தின வருஷ அரையிறுதியில் இதே கென்டக்கியிடம் 74-73 என்று ஒரே புள்ளியில் தோற்றவர்கள் இவர்கள். கமின்ஸ்கி அப்போதே டிராஃப்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருக்கும்போது கென்டக்கி நான்கு புள்ளி முன்னால் இருந்தது. அதன் பிறகுதான் நான் பார்த்ததிலேயே ஆச்சரியமான சில நிமிஷங்கள். அப்போது ஒரு அணி 35 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். கென்டக்கி அந்த நேரத்துக்குள் எறியவே முடியாமல் அடுத்தடுத்துப் பந்தை இழந்தது. உலகத்தின் மிகத் திறமையான பத்தொன்பது வயதுக்காரர்கள் பந்தை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விஸ்கான்சின்காரர்கள் பந்தைப் பறிக்கப் பாயவில்லை. ஆளுக்கும் வளையத்துக்கும் நடுவில் சரியான இடத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். சாம் டெக்கர் பின்வாங்கி ஒரு மூன்று புள்ளி போட்டார். 71-64. கமின்ஸ்கிக்கு 20 புள்ளி, 11 ரீபவுண்ட்.

இங்கேயே நிறுத்தினால் என் வாதத்துக்கு வசதி. ஆனால் இரண்டு நாள் கழித்து அதே தரையில் டியூக் விஸ்கான்சினை 68-63 என்று வென்றது. இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்த டியூக்கை மீட்டவர்கள் முதல் வருஷப் பையன்கள். டைஸ் ஜோன்ஸ் 23 புள்ளி. பருவம் முழுக்க அதிகம் ஆடாத கிரேசன் ஆலன் 16. டியூக்கின் 68 புள்ளியில் 60 முதல் வருஷக்காரர்களுடையது. இரண்டாம் பாதியின் 37 புள்ளியும் அவர்களுடையதே. தோற்ற வருத்தத்தில் ரயன், ஆட்டக்காரர்களை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை என்ற பொருளில் பேசினார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பேச்சு டியூக் பையன்களுக்கு நியாயம் செய்யவில்லை. டியூக் கோச் மைக் ஷெஷெவ்ஸ்கி அந்தப் பருவம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஜனவரியில் தோற்றபோது பல வருஷமாகத் தான் அதிகம் தொடாத ஸோன் டிஃபென்ஸை, அதாவது ஆளை விட்டுவிட்டு ஆளுக்கொரு இடத்தைக் காக்கும் முறையை, இறக்கினார். நடுவில் ஒருவரை அணியிலிருந்து நீக்கி, ஸ்காலர்ஷிப்பில் இருந்த எட்டே பேரை வைத்துப் பட்டம் வரை போனார். ஒரே வருஷத்திலும் நல்ல கோச் ஏதோ செய்ய முடியும். ஆனால் அதைச் செய்ய டைஸ் ஜோன்ஸ் மாதிரி, பதினெட்டு வயதிலேயே ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவன் வேண்டும். அவனைத் தேடிப்பிடிக்கத்தான் முடியும், ஒரு வருஷத்தில் உருவாக்க முடியாது.

கலிபாரியின் வழி பிறகு தடுமாறியதற்கும் இந்த நகரமே சாட்சி. 2022 மார்ச்சில், நகர நடுவிலுள்ள கெயின்பிரிட்ஜ் அரங்கத்தில், செயின்ட் பீட்டர்ஸ் என்ற ஜெர்சி சிட்டிக் கல்லூரி, பதினாறு அணிகள் கொண்ட தன் பிரிவில் பதினைந்தாம் தரவரிசையிலிருந்து வந்து கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85-79 என்று வீழ்த்தியது. அதற்கப்புறம் மர்ரே ஸ்டேட்டையும் எங்கள் மாநிலத்துப் பர்டூவையும் தாண்டிக் கடைசி எட்டு வரை போனார்கள். பதினைந்தாம் தரவரிசை அணி அதுவரை எட்டாத இடம் அது. நட்சத்திரங்கள் மட்டும் போதாது என்பதற்கு இன்னும் நேரடியான உதாரணம் ரட்கர்ஸ். 2024-25-இல் டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்று இரண்டு பேரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அடுத்த டிராஃப்டில் இரண்டாவதாகவும் ஐந்தாவதாகவும் போனவர்கள். அணியின் கணக்கு 15 வெற்றி, 17 தோல்வி.

ஜான் வுடன் பெயர் வராமல் இந்தப் பேச்சு முடியாது. அவரும் இண்டியானாக்காரர்தான். மார்ட்டின்ஸ்வில் பள்ளியில் ஆடி, பர்டூவில் படித்து, பேர்ட் பிற்காலத்தில் ஆடிய அதே இண்டியானா ஸ்டேட்டில் இரண்டு வருஷம் கோச்சாக இருந்தவர். 1947-இல் தன் அணியின் கறுப்பின மாணவரைச் சேர்க்கமாட்டோம் என்று சொன்ன போட்டி அழைப்பை மறுத்தவர். 1948-இல் கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போனார். பன்னிரண்டு வருஷத்தில் பத்துப் பட்டம் என்பதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. முதல் பட்டம் வந்தது 1964-இல் என்பதை மறந்துவிடுகிறோம். பதினைந்து பருவம் பட்டமே இல்லை. இன்றைய கல்லூரி எதுவும் ஒரு கோச்சுக்கு அவ்வளவு பொறுமை காட்டாது. 1964 அணியில் ஆறடி ஐந்து அங்குலத்துக்கு மேல் முதல் ஐவரில் யாரும் இல்லை. மைதானம் முழுக்க நெருக்கும் பிரஸ் டிஃபென்ஸை வைத்து 30 ஆட்டத்தையும் ஜெயித்து முடித்தார்கள். அது கோச்சின் பட்டம். அப்புறம் நியூயார்க்கிலிருந்து லூ அல்சிண்டர், பின்னாளைய கரீம் அப்துல்-ஜபார் வந்தார். ஆடிய மூன்று வருஷமும் பட்டம். அது ஆட்டக்காரரின் பட்டம் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அல்சிண்டருக்கும் பின்னாளில் வந்த பில் வால்டனுக்கும் நடுவே, 1970-லும் 1971-லும்கூட வுடன் ஜெயித்தார்.

அந்த வுடன் பருவத்தின் முதல் நாள் என்ன சொல்லித்தருவார் தெரியுமா? சாக்ஸ் போடுவது. விரல் நுனியில், குதிகாலில் சுருக்கமே இல்லாமல் இழுத்துவிட வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு, பயிற்சி போனால் ஆட்டம் போச்சு. நாட்டிலேயே சிறந்த மாணவர்கள் வெறுங்காலோடு உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார்கள்.

இதன் அருமை எனக்கு விளங்கியது ஒரு சின்னக் கல்லூரியில். நண்பரின் மகன் மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் ஆடுகிறான். அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஒரு சாயங்காலம் பயிற்சி பார்க்கப் போயிருந்தேன். துணைக் கோச் ஒருவர் குளோஸ்-அவுட் பழக்கிக்கொண்டிருந்தார். எறியத் தயாராக நிற்பவனை நோக்கி டிஃபென்ஸ்காரன் ஓடிவந்து மறிப்பது, அவ்வளவுதான் விஷயம். ஓடிவருவது எல்லோருக்கும் வரும். கடைசி மூன்று அடி வரும்போது ஓட்டத்தை நொறுக்கிச் சின்னச் சின்ன எட்டாக்க வேண்டும், இடுப்பைத் தாழ்த்த வேண்டும், ஒரு கை பந்துக்கு நேராக உயர வேண்டும், எடை முன்னால் சாயக் கூடாது. சாய்ந்தால் எதிராளி பக்கத்தில் புகுந்து போய்விடுவான். அணியிலேயே நன்றாகக் குதிக்கக்கூடிய ஒரு பையன் ஒவ்வொரு முறையும் பறந்து வந்து கையை நீட்டினான். பார்க்க அழகாக இருந்தது. கோச் ஒவ்வொரு முறையும் விசிலடித்தார். ‘உன் காலைத் தரையில் காட்டு’ என்றார். மறுபடி, மறுபடி. குரலை உயர்த்தவே இல்லை. நண்பரின் மகன் உயரமும் இல்லை, வேகமும் இல்லை. ஆனால் மூன்றாம் வருஷம். அவன் கால்கள் தானாகவே நொறுங்கி நின்றன.

2025 இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளைப் பார்க்கும்போது அந்த விசில்தான் ஞாபகம் வந்தது. சான் அன்டோனியோவில் ஃபுளோரிடா 65-63 என்று முன்னால். ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்பினார். வால்டர் கிளேட்டன் ஜூனியர் நேராக வந்து கையோடு எழும்பி மறித்தார். எறியவும் முடியாமல், பந்தோடு இறங்கவும் முடியாமல் ஷார்ப் பந்தைக் கீழே விட்டார். தானே தொட்டால் டிராவலிங், அதாவது தட்டாமல் பந்தோடு நகர்ந்த குற்றம், ஆகிவிடும் என்பதால் தொடவும் முடியவில்லை. நேரம் முடிந்துவிட்டது. கிளேட்டன் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அரையிறுதி வரை புள்ளிகளை அள்ளிக் குவித்தவர். பட்டத்தை முடிவு செய்தது அவருடைய ஒரு குளோஸ்-அவுட்.

அதே அணியை வைத்து என்னை மறுத்தும் பேசலாம். கிளேட்டன் அயோனாவிலிருந்து மாறி வந்தவர், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்டிலிருந்து. கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்பர் போர்ட்டல் காலத்து அணி அது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் இருக்க வேண்டும். 2021-இல் ஒரு முறை மாறலாம் என்றார்கள். 2024-இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. அதே 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசப்படி கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஆகவே இப்போது ரெக்ரூட்டிங் பள்ளிப் பையன்களோடு முடிவதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் கோச் தன் சொந்த அணியையே மறுபடி பேசிப் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது.

இது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். கோச்சுகள் எப்போதும் ஒரே இரவில் கிளம்பிப் போனவர்கள்தான். மாணவன் போனால் மட்டும் ஒரு வருஷத் தண்டனை என்பதில் என்ன நியாயம் இருந்தது? கோச் கெல்வின் சாம்ப்சன் இண்டியானா பல்கலைக்கழகத்தை விட்டு 2008-இல் விலக நேர்ந்தது, சேர்க்க நினைத்த மாணவர்களோடு விதியை மீறித் தொலைபேசியில் பேசியதற்காக. 2012-இல் அந்த அழைப்புக் கட்டுப்பாட்டையே தளர்த்திவிட்டார்கள். அவர்தான் ஹூஸ்டனைக் கட்டியெழுப்பி 2025 இறுதிக்குக் கொண்டுவந்தவர். விதிகள் மாறுகின்றன, அதில் பாதி மாறவேண்டியவையும்கூட. மாணவனின் உழைப்பில் அரங்கம் நிறைந்தபோது அவனுக்கும் பங்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இதனால் கைவிட்டுப் போவதை நினைத்து வருத்தம் உண்டு. வர்ஜீனியாவின் டோனி பென்னெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் அவருடைய அணி முதல் தரவரிசையில் இருந்துகொண்டு பதினாறாம் தரவரிசை யூஎம்பிசி என்ற மேரிலாந்துக் கல்லூரியிடம் 74-54 என்று தோற்றது. ஆண்கள் தொடரில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. கைல் கை, டை ஜெரோம், டிஆண்ட்ரே ஹன்டர் எல்லோரும் அடுத்த வருஷம் அங்கேயே திரும்பி வந்து, 2019-இல் டெக்சஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்று பட்டம் எடுத்தார்கள். அந்த டிஃபென்ஸ் முறை பென்னெட்டின் அப்பா உருவாக்கியது. அது கைவரவே ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும். ஹன்டர் முதல் வருஷம் ஆட்டங்களில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்தவர், பிறகு டிராஃப்டில் நான்காவதாகப் போனார். இன்றைய நிலையில் அப்படி ஒரு தோல்விக்கு அடுத்த வாரமே அந்த அணியில் பாதிப்பேரின் தொலைபேசி ஓயாமல் அடித்திருக்கும். 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கையில், இந்தச் சூழலுக்குத் தான் பொருத்தமான கோச் இல்லை என்று சொல்லிவிட்டு பென்னெட் விலகினார். வயது 55.

பர்டூவில் மேட் பெயின்ட்டர் இன்னும் பழைய வழியில்தான் நடக்கிறார். டொராண்டோவிலிருந்து வந்த ஸாக் ஈடி, பள்ளித் தரவரிசையில் 400-க்கும் கீழே கிடந்தவர். ஏழடி நான்கு அங்குலம் பிறவியிலேயே வந்தது என்பது உண்மை. ஆனால் அந்த உயரத்தைப் பார்த்த கல்லூரிகள் பல, பந்தாட வைக்கலாம் என்று நம்பியவை சில. 2023-இல் பதினாறாம் தரவரிசை ஃபேர்லி டிக்கின்சனிடம் தோற்று நாடே சிரித்தபோது ஈடி வேறெங்கும் போகவில்லை. 2024-இல் பர்டூ 1969-க்குப் பிறகு முதல் முறையாக இறுதிக்கு வந்தது. அதில் யூகானிடம் தோற்றாலும் ஈடி மட்டும் 37 புள்ளி எடுத்தார். அவருக்குப் பின்னால் பிரேடன் ஸ்மித், ஃபிளெட்சர் லோயர், டிரே காஃப்மன்-ரென் என்று இந்த மாநிலத்துப் பையன்கள் மூன்று பேர் நான்காவது வருஷத்துக்கும் அங்கேயே தங்கினார்கள்.

கல்லூரிகள் நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்ட பிறகு, ஒருவருஷக் கணக்கை விட்டுவிட்டு மூன்று வருஷ ஒப்பந்தம் போடலாம். மாணவன் விரும்பினால் மட்டும், கூடுதல் பணத்தோடு. அந்தக் காலத்துக்குள் கோச் வேறு கல்லூரிக்குக் கிளம்பினால் மாணவனும் அதே நாளில் விடுபட வேண்டும். காயம் பட்டாலும் பணம் நிற்கக் கூடாது. சொல்லித்தருகிறவருக்கு வருஷங்கள் கிடைக்கும், கற்றுக்கொள்கிறவனுக்கும் நஷ்டம் இருக்காது. இதை எழுதிக் கையெழுத்துப் போட முதலில் எந்தக் கல்லூரி முன்வருகிறதோ, அந்த அணியின் ஆட்டங்களுக்கு அடுத்த நவம்பரிலிருந்து நான் டிக்கெட் எடுப்பேன்.